குணரத்தினத்தின் கினிப்பன்றிக்கு வந்த கட்டி

நோயைப் பரப்பிவிட்டு ஓடிப்போனவன் என்று குணரத்தினத்தைச் சொல்கிறீர்களே, ஓடுகிறவன் பட்டப்பகலில், ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்திருக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டா போவான்? என் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தவன் அவன். நடந்ததெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, அவன் சமைத்துக் கொடுத்த துரை வீட்டுப் பிள்ளை அழுதழுது கொடுத்துவிட்டுப் போன சோடி அது. பெயர்தான் கினிப்பன்றி, பார்த்தால் வாலில்லாத பெரிய எலி மாதிரி இருக்கும். பெண்சாதியை இழந்த மனுசன், பிள்ளையும் இல்லை. தேயிலைப் பெட்டியில் வைத்து வளர்த்தான். சோடி பெருகிக் குடும்பமாயிற்று.

ஒருநாள் தாய்க்காரி செம்பியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.

"ஆச்சி, தாடைக்குக் கீழ ஒருக்கால் தொட்டுப் பாருங்கோ. சுடுகுது."

பாக்களவில் ஒரு கட்டி. வாயைத் திறந்து பார்த்தால், கன்னத்துக்குள் வைக்கோல் முனையொன்று குத்தி முறிந்து நின்றது. கிளிவெட்டி வயல் வைக்கோலைத்தான் படுக்கையாகப் போட்டிருந்தான். அன்றைக்கே அதை அள்ளி எரித்துவிட்டு, பழஞ்சாக்கைக் கழுவிக் காயவைத்து விரித்தான். செம்பியை மற்றவற்றிலிருந்து பிரித்து என் குசினிக்குள் அடுப்படி மூலையில் வைத்தான்.

போதாத காலம், பக்கத்து வீட்டுக் கமலாதேவியின் மகளுக்கும் கழுத்து வீங்கியது. அந்தக் குட்டிகளோடு விளையாடுகிற பிள்ளை. கூகைக்கட்டு, மனுசரிடமிருந்து மனுசருக்கு வருவது என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். ஒழுங்கை கேட்டால்தானே! கமலாதேவியின் புருசன் இராசதுரை வேலிக்கு மேலால் கத்தினான்:

"அந்தச் சாமான் செத்துதெண்டால், பெட்டியோட எல்லாத்தையும் கொண்டுபோய்க் கடலுக்க எறிவன்!"

"என்ர வளவுக்க கால் வைச்சுப் பாரும் தம்பி" என்றேன் நான்.

மிருக வைத்தியர் தடவிப் பார்த்தார். "இன்னும் பழுக்கேல்லை. சுடுதண்ணி ஒத்தணம் பிடியும். பழுத்தாப் பிறகு வெட்டலாம். அவசரப்பட்டுப் பெனிசிலினை வாயில குடுத்துப் போடாதையும், இதுகளின்ர வயிறு தாங்காது."

காலையும் மாலையும் ஒத்தணம் பிடித்தான். வேலைக்குப் போகும்போது எனக்கு ஆயிரம் சொல்லிவிட்டுப் போவான். ஆனால் நான் கிணற்றடியில் நின்ற நேரம் கமலாதேவி வந்திருக்கிறாள். பிள்ளைகளின் கட்டிக்கு நாங்கள் எல்லோரும் பூசுகிற சுண்ணாம்பும் சர்க்கரையும் குழைத்து, செம்பியின் கட்டியில் அப்பிவிட்டுப் போயிருக்கிறாள். பிள்ளையின் கட்டி பிள்ளையின் வாய்க்கு எட்டாது. இது காலால் விறாண்டி, அந்தக் காலை நக்கிவிட்டது. வாய் வெந்துபோயிற்று.

அன்று பின்னேரம் செம்பி புல்லைத் தொடவில்லை. தின்னாமல் கிடந்தால் அந்தச் சாதி கனநேரம் தாங்காது என்று குணரத்தினத்துக்குத் தெரியும். 

"எங்கட பிள்ளையளுக்குப் போடுறதைத்தானே போட்டனான், ஆச்சி. கட்டி போனால் எங்கட வீட்டுக்காரற்ர கோவமும் போகுமெண்டு..." கமலாதேவி அழுதாள். அவன் அவளை ஒரு சொல் ஏசவில்லை. சுண்ணாம்பைக் கழுவித் துடைத்தான். கொய்யாப்பழத்தைக் கரைத்து, பேனைக்கு மை விடுகிற குழாயால் சொட்டுச் சொட்டாகக் கடைவாயில் விட்டான். விழுங்கும்வரை மூச்சுவிடாமல் பார்த்திருப்பான். விழுங்கினால் அடுத்த சொட்டு.

கட்டி பழுத்தது. வைத்தியர் வெட்டிச் சீழை எடுத்தார். மற்றக் குட்டிகளுக்குத் தொற்றாமலிருக்கச் சீழ்த் துணியையெல்லாம் எரித்தோம். உப்புத்தண்ணீரால் கழுவிக் கழுவிப் புண் ஆறியது. ஒருநாள் தானாகவே ஒரு புல்லை இழுத்துக் கடித்தாள் செம்பி. நான் இராசதுரைக்குக் கேட்கட்டும் என்று உரத்துச் சிரித்தேன்.

இராசதுரையோ வாய் மூடவில்லை. "நாளைக்கு இன்னொண்டுக்கு வராதோ?"

குணரத்தினம் பெட்டியைக் கட்டிப் புறப்படக் கயிறு தேடினான்.

"இது என்ர வீடு. ஆரும் உன்னை எழுப்பேலாது, இரு" என்றேன்.

"எறிவினமெண்டு எனக்குப் பயமில்லை ஆச்சி. நான் இல்லாத நேரம் ஆரும் நல்லதுக்கெண்டு வந்து, இன்னொண்டைப் பூசிப்போட்டால்? அதுக்கு நான் எந்தக் கதவைப் பூட்டுறது?"

 ஊருக்கு வெளியே கப்பல்துறையில் அயல்வீடில்லாத ஒரு வீடு பார்த்திருந்தான். பெட்டியைச் சைக்கிளில் கட்டி, ஈரச்சாக்கால் மூடினான். வாசலில் கமலாதேவியின் மகள் ஒரு பிடி புல்லோடு நின்றாள். அவன் வாங்கி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, முரட்டுத் தண்டுகளை எறிந்துவிட்டு, இளம்புல்லைச் சாக்குக்குக் கீழே செருகினான்.

"போட்டு வாறன் ஆச்சி."

ஒழுங்கை முழுக்க வேலியில் நின்றது. அவன் யாரையும் பார்க்காமல் வாசற்படலையைத் தாண்டினான்.