ஈசானி மூலை மண்ணோடு வேங்கிக்காலுக்கு

திருவண்ணாமலை என்றதும் கிரிவலக் குறிப்பு தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். நான் போனது மண் பரிசோதனைக்கு. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் நிலத்தில் இரண்டு போகமாக வேர்க்கடலை ஏமாற்றிவிட்டது. “மண்ணு செத்துப்போச்சு பாப்பா, வித்துடலாம்” என்று அண்ணன் ஏழுமலை போனில் சொன்னார். மனை போடும் புரோக்கரை ஞாயிற்றுக்கிழமை வரவும் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! பரிசோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுநாளே சென்னையிலிருந்து பஸ் ஏறினேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து பரிசோதனை நிலையம் இருக்கும் வேங்கிக்காலுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். அண்ணன் மடியில் ஒரு துணிப்பை, அதில் ஒரு கிலோ மண்.

பரிசோதனை நிலையத்தில் இருந்த அம்மா பையைப் பிரித்ததும் மோந்து பார்த்தார். “மஞ்சள் வாடை வருதே, எங்க எடுத்தீங்க?”

“ஈசானி மூலைலங்க. நல்ல காரியம்னா அங்கதான எடுப்போம்?” என்றார் அண்ணன்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அங்கதான பூசை போட்டு மொத எருவக் கொட்டுவீங்க? சத்தெல்லாம் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வரும், மீதி நிலம் பட்டினி கெடக்கும். நிலம் பூரா வளைஞ்சு வளைஞ்சு நடந்து, பத்துப் பதினைஞ்சு இடத்துல அரை அடி தோண்டி எடுங்க. வரப்போரம், மரத்தடி, எருக்குழி வேணாம். தோண்டும்போது என்ன வருதுன்னும் பாத்துக்கிட்டே வாங்க.”

நாளைக்குப் பார்க்கலாம் என்றார் அண்ணன். விடுவேனா? மதியத்துக்குள் நிலத்தில் நின்றோம். மேட்டுப்பக்கம் நாலு விரல் ஆழத்திலேயே மண்வெட்டி சரளையில் நறநறத்தது. பள்ளத்துப்பக்கம் அரை அடிக்கும் பொலபொலவென்று நல்ல மண். அதையும் தாண்டி, நிலத்தை ஒட்டிய ஓடைக்குள்ளும் அதே மண்தான் மேடு தட்டிக் கிடந்தது. மேல்மண், மண் அரிப்பு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வார்த்தைகளுக்கு எனக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது. பயிருக்குச் சோறு போடும் அந்த மேல்மண் மழைக்கு மழை வெளியேறிக்கொண்டிருந்தது.

முன்பு சரிவை மறித்து நடுவில் இரண்டு வரப்புகள் இருந்தன. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று அவற்றை எடுத்தது அண்ணன்தான். எங்களோடு மண் எடுக்க வந்திருந்த அண்ணி விடவில்லை. “வரப்ப வெட்டினது நீங்க. பழிய மண்ணு மேல போடுறீங்க.”

அண்ணனைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

நீங்களும் மண் எடுத்துப் போவதாக இருந்தால் சில விஷயங்கள். எல்லா இடத்து மண்ணையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுபோனால் போதும். உரச் சாக்கில் மட்டும் கட்டாதீர்கள். பௌர்ணமியன்று கிளம்பவே கிளம்பாதீர்கள், அந்தக் கூட்டத்தில் பையைத் தரையில் வைக்கக்கூட இடம் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை புது மண்ணைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகுமாம். பஸ் நிறுத்தத்தில் அண்ணன் போனை எடுத்தார்.

“ஞாயித்துக்கிழம வராதீங்க” என்றார் புரோக்கரிடம். “அன்னிக்கு வரப்பு போடுறோம்.”