படிக்கணக்கா, எடைக்கணக்கா?

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். சென்னையில ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற நான், லீவுக்குத் திருத்தணிக்கு வந்திருந்தேன். ஊரே மஞ்சள் துணியும் காவடியுமா நெரிஞ்சிகினு கிடக்க, நான் மட்டும் லேப்டாப்பைக் கட்டிக்கினு உக்காந்திருந்தேன்.

என் வேலை என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஹீலியத்தோட கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து மின்சாரம் பாய்ச்சினா அந்த வாயு ஒளிரும். அதுக்குப் பேரு பிளாஸ்மா. துணியை அதுல காட்டினா சாயம் நல்லா பிடிக்கும், நம்ம பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில நெய்யற லுங்கிக்குக்கூட உதவும். என் தோழி ஆய்வகத்துல அதை நிஜமா உண்டாக்கி அளப்பா. நான் அதையே கம்ப்யூட்டர்ல கணக்கா ஓட்டிப் பாப்பேன். ரெண்டும் ஒத்துப் போகணும். போகவே இல்ல.

நானும் சும்மா இருக்கல. நாலு மாசம் நோண்டினேன். நூத்துக்கணக்கான வேதிவினைகளை ஒண்ணொண்ணா சரிபாத்தேன். கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கைகூட காட்டல. அவ்வளவுதான், எனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சி. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, பேராசிரியர் எதிர்லயே, "என் கணக்கு சரி சார், அவ அளவுலதான் கோளாறு"ன்னு அடிச்சு சொன்னேன். திங்கட்கிழமைக்குள்ள சரியான அளவு வரலன்னா, அவளோட ரெண்டு வருஷ வேலையை எங்க கட்டுரையிலேருந்து எடுத்துடுவோம்னுட்டார் அவர். அவளுக்குக் கண்ணு கலங்குச்சி. எனக்கு அப்போ உறைக்கலங்க.

கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பாவா, அதான் அக்கா வீட்டுக்காரர், காவடி எடுக்கிறவங்களுக்குக் கொடுக்கப் பொரிகடலை வாங்கியாரச் சொன்னார். பொரி நாலு பங்கு, கடலை ஒரு பங்கு. மலையடிவாரத்துக் கடையில அதையே ஒப்பிச்சேன். கடைக்காரம்மா கேட்டாங்க, "படிக்கணக்கா, எடைக்கணக்காமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னேன்.

"ஐய, நல்லா கேட்டியே! பொரி வெறும் காத்துமா. கிலோ பொரின்னா ஒரு மூட்டை நிக்கும். எடை போட்டுக் கலந்தா கடலையைத் தேடணும்."

சிரிக்க வாயைத் திறந்தவ அப்படியே நின்னுட்டேன். ஹீலியம்தான் பொரி, ஆக்சிஜன்தான் கடலை. தோழியோட மீட்டர் வாயுவைப் படிக்கணக்காத்தான் அளக்கும். நூத்துக்கு ஒரு பங்கு ஆக்சிஜன்னு முதல் நாள் நான் போட்ட எண்ணை, என் கம்ப்யூட்டர் எந்தக் கணக்குல எடுத்துக்கிச்சி?

பொரியை விட்டுட்டு வீட்டுக்கு ஓடினேன். "பொரி எங்கம்மா?"ன்னு பாவா கேட்டது காதுல விழல. லேப்டாப்பைத் திறந்தேன். முதல் பக்கம், முதல் கட்டம். எடைப் பங்குன்னு இங்கிலீஷ்ல பளிச்சுன்னு எழுதியிருந்துச்சி. அடிப்பாவி! ஆக்சிஜன் ஹீலியத்தைவிட எட்டு மடங்கு கனம். அதனால இருக்கவேண்டியதுல எட்டுல ஒரு பங்கு ஆக்சிஜனை வெச்சிகினு நாலு மாசம் ஓட்டியிருக்கேன். எண்ணை மாத்தி ஓடவிட்டேன். வரைபடத்துல புதுக் கோடு அவ அளந்த புள்ளிங்க மேலயே போயி உக்காந்துச்சி.

அப்பவே அவளுக்கு போன் போட்டு, "தப்பு என்னுதுடி, மன்னிச்சிடு"ன்னேன். அவ மெதுவா சொன்னா: "நேத்துதான் மீட்டரைத் திருகி, உன் கோட்டுக்குப் பொருந்துற மாதிரி அளவு எடுத்து வெச்சேன். திங்கட்கிழமை அதைத்தான் குடுக்கறதா இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. ரெண்டு நாள் போயிருந்தா என் தப்பும் அவ பொய்யும் கச்சிதமா பொருந்தியிருக்கும், எல்லாரும் எனக்குக் கைதட்டியிருப்பாங்க. ஒழுங்கா அளக்கத் தெரிஞ்ச ஒருத்தியைப் பொய் அளவு எடுக்க வெச்சது என் வாய்தானே!

திங்கட்கிழமை பேராசிரியர்கிட்ட என் தப்பை நானே சொன்னேன். அவளோட பழைய அளவுங்கதான் கட்டுரையில போச்சி. மீட்டரைத் திருகின விஷயத்தை இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் மூச்சு விடல. பேரைச் சொல்லாம இங்கதான் முதல்ல எழுதறேன். இப்பல்லாம் யாராவது என் கணக்கோட ஒத்துப்போனா எனக்கு முதல்ல சந்தோஷம் வரதில்லங்க, என் பேச்சுக்குப் பயந்து ஒத்துக்கினாங்களோன்னு பயம்தான் வருது.