விசாரிக்க வந்தவரிடம் சொன்னது

இருபத்தெட்டு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் பொய் எழுதியதில்லை என்று எனக்குப் பெருமை உண்டு. அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்திலும் பொய் இல்லை. "பகல் 11.40. மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன்." எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கடலூர் சிப்காட் பக்கம், தண்ணீரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசையில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி. குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டது. அலுவலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

அவளுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்:

"அக்கா, காது விஷயத்த நானே அவர்கிட்ட சொல்லிடப் போறேன். அம்மா வேணாங்குறாங்க. தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாமாம். என்னால முடியாதுக்கா. ஏமாத்திட்டுப் போயி எப்பிடிக் குடும்பம் நடத்துறது?"

நல்ல முடிவு என்றேன். அதோடு நிறுத்தவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். எனக்கு முதுகில், இடுப்புக்கு மேலே, உள்ளங்கையளவு வெண்புள்ளி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு அம்மா மறைக்கச் சொன்னார்; மறைத்தேன். மூன்றாம் நாள் காலை புடவை மாற்றும்போது கணவர் பார்த்துவிட்டார். "இன்னும் எங்கெங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முதுகில் கை வைத்ததும் இல்லை.

கேட்டுவிட்டு அவள் அழுதாள். "நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. என்னால் முடியும், உங்களால் முடியவில்லை என்றே என் காதில் விழுந்தது.

எங்கள் பக்கம் ஜாதகம் பொருந்தினாலும், பெண் வேலை பார்க்கும் இடத்துக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். விசாரிக்கப்படுகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. தங்கமான பொண்ணு, குனிஞ்ச தல நிமிராது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எதிர் டீக்கடைக்கு என்னை அழைத்துப் போனார். சிரித்த முகம்.

"பொண்ணு எப்பிடிம்மா? ஒங்களதான் ரொம்ப நல்லவங்கன்னாங்க. மறைக்காம சொல்லுங்க."

"நல்ல பொண்ணுதான். இடது காது கேக்காது."

"என்னம்மா சொல்றீங்க? கொஞ்சம் மந்தமா?"

"சுத்தமா கேக்காது."

"வீட்டுல ஒரு வார்த்த சொல்லலியே!"

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளே சொல்வதாக இருக்கிறாள் என்று. அந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க புண்ணியவதிம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போன். ஜாதகத்தை இன்னொரு ஜோசியர் பார்த்தாராம், பொருந்தவில்லையாம். வரன் கொண்டுவந்த தரகர் மட்டும் நடந்ததை அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை அவள் நேரத்துக்கு வந்தாள். மத்தியானம் வரை தன் வேலையைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்லி அவர் வேணாம்னிருந்தா எனக்கு ஒண்ணுமில்லக்கா. எம் மூஞ்சப் பாத்து சொல்லியிருப்பாரு. இப்ப நான் மறைச்சவளாயிட்டேன். அம்மா என்னா சொல்றாங்க தெரியுமா? 'உண்மைய பேசுறேன் பேசுறேன்னியே, நல்லா பேசுனியா?'ங்குறாங்க."

"கேட்டாரும்மா. பொய் சொல்ல வரல."

"சரி. ஒங்க பொண்ணுக்கும் மாப்பிள்ள பாக்குறீங்கள்ல? எங்கிட்ட விசாரிக்க ஆள் வந்தா நான் என்னா சொல்லட்டும்? அம்மாவுக்கு வெண்புள்ளி இருக்குன்னு சொல்லட்டுமா?"

அது பிள்ளைகளுக்கும் வரும் என்றுதான் ஊரில் பலர் நம்புகிறார்கள். என் மகளின் தோலில் ஒரு மறு கிடையாது. அதை யார் கேட்பார்கள்?

"சொல்லாதம்மா" என்றேன்.

"ஏன்க்கா? உண்மதான?"

"உன் கால்ல வேணாலும் விழுறேன். சொல்லாத."

அவள் எழுந்தாள்.

"பயப்படாதீங்க. எனக்கு ஒங்க அளவுக்கு உண்மை பேச வராது" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அடுத்த மாதம் வேலையையும் விட்டுவிட்டாள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடம் தவிர.

என் மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.