காதுக்கு எட்டாத கை

ராயபுரம் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி வகுப்பு டீச்சர் ரோஸ்மேரி. பர்மாவுக்குப் போன கணவர் யேசுதாஸிடமிருந்து கடிதம் நின்று பத்து வருஷம் ஆகிவிட்டது. ரோஸ்மேரி வெள்ளைப் புடவையும் கட்டவில்லை, பூவும் வைக்கவில்லை. யாராவது விசாரித்தால் "தெரியலை" என்பார். குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. மணி அடித்தால் வகுப்பு. மறுபடி அடித்தால் வீடு.

ஐம்பத்திரண்டு ஜூன், சேர்க்கை நாள். பிறப்புச் சீட்டு யாரிடமும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது. தொட்ட பிள்ளைக்கு டீச்சரே ஜூனில் ஒரு பிறந்த தேதி போடுவார். வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

மீன் விற்கும் சிலுவையம்மாள் தன் மகள் ஞானத்தை முன்னால் தள்ளினாள். விரல் காதுக்கு வரவில்லை. தாய் சட்டென்று பிள்ளையின் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். காது விரலுக்கு வந்தது. ரோஸ்மேரி அதைப் பார்த்தார். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. "எட்டுது" என்று எழுதிக்கொண்டார்.

ஞானம் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஜன்னலில் ஏறினாள், அடுத்தவள் பலகையில் எச்சில் தொட்டு அழித்தாள், 'அ' பாதியில் இருக்கும்போதே வாசலுக்கு ஓடினாள்.

"இதுக்குக் காலுல இன்னா சக்கரமா கீது?" என்று ஆயா தாயம்மா இடுப்பில் இடுக்கித் திரும்பக் கொண்டுவருவாள்.

ஆகஸ்ட் கடைசியில் தலைமையாசிரியை மதர் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை அந்த ஞானம் பேரை அடிச்சிடுங்க. அடங்காத பிள்ளை."

ரோஸ்மேரி தாய்க்குச் சொல்லி அனுப்பினார். சிலுவையம்மாள் கூடையோடு வந்தாள்.

"பேரை அடிச்சிடாதீங்க டீச்சரம்மா. இது வூட்டுல நிக்காது. இது அப்பன் ஆர்பருக்கு மூட்டை தூக்கப் பூட்டா, கட்டில் காலுல கவுத்தால கட்டிப் போட்டுட்டுத்தான் நான் மீன் ஏலத்துக்குப் போய்க்கினு இருந்தேன்."

ரோஸ்மேரி குனிந்து ஞானத்தின் கணுக்காலைப் பார்த்தார். தோல் ஒரு வளையமாகக் கறுத்திருந்தது.

"எப்போ பொறந்துது?"

"சொதந்தரம் வந்த அடுத்த வருசம், மாதா கொடியேத்தத்து அன்னிக்கி."

இந்த வருஷக் கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது; நாலு வயது கூட நிறையவில்லை.

மறுநாள் வகுப்பில் அதிகம் ஆடுகிற ஆறு பேரை, ஞானத்தையும் சேர்த்து, ரோஸ்மேரி சுவரோரம் நிறுத்தினார். முதுகும் தலையும் சுவரில் படும்படி வைத்து, காதைத் தொடச் சொன்னார். ஒரு விரலும் எட்டவில்லை. ஆறு பேரையும் அடங்காதவர்கள் என்று அவரே எத்தனை முறை மண்டியிட வைத்திருக்கிறார்! சேர்க்கையன்று ஆறு தலைகளும் சாய்ந்திருக்க வேண்டும். வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வேலையைப் பார்த்தார்.

ஜெபம் முடிந்ததும் ஞானத்தை வேலிக்கு அனுப்பிப் பலகை துடைக்கக் கோவை இலை பறித்துவரச் சொன்னார். அந்த ஆறு பேரும் மணலில் நின்றுகொண்டே எழுதலாம். பள்ளிக்குப் பின்னால் ரயில் போனால் கூவலாம். பெட்டி தீர்ந்ததும் உட்கார வேண்டும். ஞானம் கடைசிப் பெட்டி வரைக்கும் கூவிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அடுத்த ரயில் வரைக்கும் இல்லை, பாதி வரைக்கும். அதுவே புதிது.

வெள்ளிக்கிழமை மதரிடம் போனார்.

"தப்பு என்னுது மதர். தலை சாஞ்சதைப் பாத்தும் எழுதினேன். அது அடங்காத பிள்ளை இல்ல, சின்னப் பிள்ளை."

"அப்போ இந்த வகுப்பிலேயே இருக்கக் கூடாதே."

"பேரை அடிச்சிடுங்க. அடுத்த ஜூன்ல தலையை நேரா வச்சு அளந்து, எட்டினா சேத்துக்கலாம். அது வரைக்கும் பேரில்லாம வந்து உக்காரட்டும். வீட்டுக்கு அனுப்பினா கட்டில் கால்ல கயிறு போட்டுக் கட்டிடுவாங்க."

"இன்ஸ்பெக்டர் கேட்டா?"

"இலை பறிக்க வந்த பிள்ளைன்னு சொல்றேன்."

மதர் சிரிக்கவில்லை. பதிவேட்டில் ஞானத்தின் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். "சுவரோரம் நீங்க நிறுத்தின மத்த அஞ்சு பேரைப் பத்தி நான் கேக்கல, நீங்களும் சொல்லல."

திங்கட்கிழமை ரோஸ்மேரி பேர் கூப்பிட்டார். கடைசிப் பெயருக்கும் பதில் வந்தது. பதிவேட்டை மூடப் போகும்போது, கூப்பிடாத ஒரு குரல் எழுந்தது.

"உள்ளேன் டீச்சர்!"

"உன் பேரே இல்லியேடி, நீ இன்னாத்துக்கு உள்ளேன்ற?" என்றாள் தாயம்மா. பிள்ளைகள் சிரித்தார்கள்.

ரோஸ்மேரி சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. கோவை இலை கொண்டுவரச் சொன்னார். மறுநாள் கடைசிப் பெயரைப் படித்ததும் பதிவேட்டை உடனே மூடவில்லை. ஞானத்தின் குரல் வந்த பிறகுதான் மூடினார். அடுத்த ஜூன் வரைக்கும் அப்படித்தான்.