நாற்பத்தோரு இடத்தில் சனம்

ஜக்கரியா பாய்க்குப் பகலெல்லாம் பிள்ளையாரோடுதான் வேலை. செராமிக் கம்பெனியில் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றிப் பொம்மை எடுப்பார். சாயந்திரம் கை கழுவிவிட்டு அரபுக் கிதாபுகளைப் பிரித்துவிடுவார். நாற்பத்தேழு வயதில் எம்.ஃபில் படித்தார். அரபு அறிஞர்கள் இந்து சமயத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று ஆய்வு. "பிள்ளையார் செய்யறவருக்கு ஏத்த படிப்புதான்" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார்.

அந்த ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2006 மார்ச்சோடு பதிவுக் காலம் முடிகிறது. இந்தத் தடவையும் தவறினால் அவ்வளவுதான்.

ஆய்வைத் தட்டச்சு செய்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில். முதல் அத்தியாயத்தை என் வீட்டுக்காரர் கோவிந்தராசு அடித்தார். மிச்சம் நான். தமிழில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ப்ளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மார்க். மூன்றாம் அத்தியாயத்தில் பாய், 'பாமரர் சனத்தை வணங்குகின்றனர், கற்றவரோ உருவமற்ற ஒருவனை வணங்குகின்றனர் என்று அவ்வறிஞர் எழுதினர்' என்று எழுதியிருந்தார். சனமாம் சனம்! ஆய்வில் இப்படியா கொச்சையாக எழுதுவது? அவர் பிழை பார்த்துக் கொடுத்த பிறகு, பிரிண்ட் போடும் முன், எல்லாச் சனத்தையும் 'மக்கள்' ஆக்கினேன். நாற்பத்தோரு இடம். அவரிடம் சொல்லவும் இல்லை. உபகாரம் செய்துவிட்டுச் சொல்லிக் காட்டுவானேன்?

வாய்மொழித் தேர்வன்று காலை பாய் திருச்சி ரயில் ஏறிய பிறகு, வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! அரபில சனம்னா சிலைடி. நான் அடிச்ச மொத அத்தியாயத்துலயே அர்த்தம் போட்டிருக்குது."

பாய்க்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். என் திமிரை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

சாயந்திரம் பாய் நேராகக் கடைக்கு வந்தார். நான் அழுதேவிட்டேன். "மன்னிச்சிடுங்க பாய், நான்தான் மாத்துனேன்."

"அழாதம்மா, பாஸ் போட்டுட்டாங்க" என்றார். "இந்துக்கள் மக்களைக் கும்புடுறாங்கன்னு எந்த அறிஞர் சொன்னாருன்னு கேட்டாங்க. பொரட்டிப் பாத்தா எல்லா எடத்துலயும் மக்கள். அப்புறம்தான் ஒண்ணு தோணுச்சு. சிலையப் பாத்து எழுதியிருக்காங்க, பண்டிதருங்களக் கேட்டும் எழுதியிருக்காங்க. கும்புடுற சனத்தக் கேட்டதா நான் படிச்ச கிதாபுல இல்ல. அதைச் சொன்னேன். தப்பைத் திருத்திட்டு, இதையும் ரெண்டு பக்கம் சேத்துக் குடுங்கன்னுட்டாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சொல்லும்மா. நம்மூர்க் கோயில்ல பழமலைநாதர் முன்னால நிக்கிறப்ப நீ எதைக் கும்புடுற?"

முப்பத்திரண்டு வயதாகிறது, வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன், நாளைக்கு வாங்க பாய்" என்றேன்.