வரிசையில் கிடந்த ஊன்றுகோல்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் வில்லியனூரில் வெல்டிங் பட்டறை போட்டேன், மாடி வீடு கட்டினேன். பழைய இரும்பை வாங்கி, என் கையாலேயே ஒரு ராட்டினம் செய்து தேர்த் திருவிழாவில் சுற்றவிட்டேன்.

எழுபதுகளில் ஒரு திருவிழாவில்தான் அவரைப் பார்த்தேன். கடலோரப் பனித்திட்டுக்காரர், மீனவர். துடுப்புப் போட்டு இறுகிய தோள்கள், சூம்பிய கால்கள். தன் ஊன்றுகோல்களில் ஒன்றை வரிசையில் தன் இடத்தில் வைத்துவிட்டு, ஓரமாகப் போய்க் குந்திக்கொண்டார். மண்ணெண்ணெய்க் கடையில் டின்னை வைத்து இடம் பிடிப்போமே, அப்படி. வரிசை நகரும்போதெல்லாம் வந்து அதை நகர்த்தி வைப்பார்.

பின்னால் நின்ற ஒருவன் அதை எட்டி உதைத்தான். "கட்டைக்கெல்லாம் இன்னாடா ராட்டினம்?"

திருவிழாக் கமிட்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ராட்டினத்தை நிறுத்தினேன்.

"நீ வாய்யா, மொதல்ல ஏறு. டிக்கெட்டே வாணாம்."

அவர் என் மேலேயே பாய்ந்தார். "இனாமா கேட்டனா? எனக்கு முன்னாடி பதினோரு பேரு நிக்கிறாங்க. எனக்கு நிக்கத்தான் முடியாது, காத்திருக்க முடியும். கட்டைய எடுத்த எடத்துல வைக்கச் சொல்லுபா!"

"வச்சாத்தான்டா இது சுத்தும்!" என்று உதைத்தவனைப் பார்த்துக் கத்தினேன். அவனே எடுத்து வைத்தான். தன் முறை வந்த பிறகுதான் அவர் ஏறினார்.

அடுத்த வருஷம் வரிசையோரம் நானே ஒரு பெஞ்சு அடித்துப் போட்டேன். நிற்க முடியாதவர்கள் உட்காரலாம், முறை போகாது. இன்று அந்தப் பெஞ்சில் கமிட்டி தன் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அன்று பல்லைக் காட்டிய கமிட்டி! கமிட்டிக்காரர்களே, அந்தப் பெயரை அழியுங்கள். அவர் பெயரைக் கேட்காமல் விட்டது என் தப்பு. யோசனை ஒரு பனித்திட்டுக்காரருடையது, பெஞ்சு அடித்தவன் நான் என்று எழுதுங்கள்.