இரண்டு ஆணிகள்

லுணுகலைக்கு மேலே, மலையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், நான்காம் லயத்து வீட்டு வரிசையின் கடைசி ஒற்றையறைக் காம்பராவில் கொழுந்து பறிக்கும் இராக்கம்மாவும் அவள் புருஷன் இராமையாவும் குடியிருந்தார்கள். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பின்சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பு மட்டும்தான் இவர்களுக்குச் சொந்தம். மழைக்கு மழை அது அகலமாகும். மலை சரிகிறது, லயத்தை மாற்றுங்கள் என்று எத்தனை தரம் போய் நின்றாலும் தோட்டத்துத் துரை பார்க்கலாம் என்பார். அவர் பார்த்ததுதான் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். காடு அழிந்த மலையில் மண் எப்படிச் சரிகிறது, அதன் கீழே ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று படிக்க வந்தவர்களாம். இதைப் படிக்கவா இவ்வளவு தூரம், ஒரு கடுதாசி போட்டிருந்தால் நாமே சொல்லியிருப்போமே என்று இராமையா சிரித்தான். பேச்சை மொழிபெயர்க்கப் பதுளைத் துணிக்கடை புவாத் கூட வந்தார். ஒவ்வொரு லயத்திலும் வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி அடித்து, இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டார்கள். நான்காம் லயத்துக்கு அவர்கள் ஆணி அடித்தது இராக்கம்மாவின் பின்சுவரில்.

“அடுத்த வருஷம் வந்து திரும்ப அளப்பாங்க,” என்றார் புவாத். “ஆணி வெலகியிருந்தா மலை நகருதுன்னு அர்த்தம். அந்தக் கணக்கைக் காட்டித்தான் லயத்தை மாத்தச் சொல்லிக் கேக்கப் போறாங்க.”

அந்த வருஷம் முழுக்க இராக்கம்மா அந்த ஆணிகளில் ஒரு கந்தல் துணியைக்கூட மாட்டவில்லை. சாமி விளக்கைப் பார்க்கிற மாதிரி காலையில் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போவாள்.

பிறகு ஒருநாள், நாளைக்கு அவர்கள் வருகிறார்கள் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். இராமையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் இருந்தான். வெள்ளைக்காரர்கள் வந்தால் லயம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவள் பாட்டன் காலத்துச் சட்டம். யாரும் சொல்லவே வேண்டாம், கை தானே சுண்ணாம்பு வாளியைத் தேடும். வெடித்த சுவரின் முன்னாலா விருந்தாளியை உட்கார வைப்பது? ஆணிகளைப் பிடுங்கிப் பத்திரமாக வைத்தாள். மண்ணும் சாணமும் குழைத்து வெடிப்பை அடைத்துப் பூசி, காய்ந்ததும் வெள்ளையடித்தாள். அப்புறம் அவர்கள் பொருளாயிற்றே என்று, கண்மதிப்பாக அந்த இரண்டு ஆணிகளையும் பழையபடி அடித்தும் வைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பாவி மகளே, அடைக்கிறதுதான் அடைத்தாய், அந்த ஆணியையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா!

மறுநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாடாவை நீட்டி இரண்டு தரம் அளந்தாள். போன வருஷத்தைவிட அரை அங்குலம் குறைவு. அவள் குழம்பிப் போய் புவாத்திடம் ஏதோ கேட்டாள்.

“ஆணியை யாராச்சும் தொட்டீங்களா?” என்றார் புவாத்.

பெரட்டில் அப்படி ஒரு கேள்வி வந்தால், ஒப்புக்கொண்டவருக்குத்தான் அன்றைக்குப் பேர் வெட்டு, கூலி கிடையாது. நாற்பது வருஷத்துப் பயம் அவள் வாயில் வந்து உட்கார்ந்தது.

“இல்லீங்க. யாரும் தொடலீங்க.”

ஆறு மாதத்தில் அறிக்கை வந்தது. முதல் மூன்று லயத்தையும் கீழே சமதரைக்கு மாற்றினார்கள். நான்காம் லயம் உறுதியாக இருக்கிறதாம். உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று இராக்கம்மா பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் புவாத்தின் கடை வாசல்வரை வந்தாள். ரவிக்கைத் துணி ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். இராமையாவிடமும் சொல்லவில்லை.

அந்த மார்கழியில் ஒன்பது நாள் விடாத மழை. இராமையா காய்ச்சலில் படுத்திருந்தான். இவள் கொழுந்து மலையில் நின்றபோது, பகல் பதினொரு மணிக்கு, மேலே இருந்த மலை இறங்கியது.

பிள்ளைகள் மூன்றாம் தரமும் வந்தார்கள். அளப்பதற்குச் சுவர் இல்லை. இராக்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து வளைந்த ஆணிகள் இரண்டை எடுத்து நீட்டினாள். இராமையாவைத் தோண்டி எடுத்த அன்று சேற்றில் கிடைத்தவை.

“நான்தாங்க தொட்டேன்,” என்றாள்.

புவாத் தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தார். அந்தப் பெண் பழைய குறிப்பேட்டைப் புரட்டித் தேடி, போன தரம் எழுதிய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டாள்.